படுத்துப் பார்த்தவர்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விழுப்புரம் ரயிலடியிலோ திண்டிவனம் கடைத்தெருவிலோ விசாரித்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. "படுத்துப் பாக்கறவரு" என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டிவிடும். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

சுகாதார இலாகாவில் மலேரியாவுக்கென்று வைத்திருந்த ஆள் அவர். வீடு திண்டிவனத்தில். வாரத்தில் இரண்டு நாள் பாசஞ்சர் வண்டியில் விழுப்புரம் வந்து இறங்குவார். காக்கி அரைக்கால் சட்டை, வெள்ளை மேல்சட்டை, தோளில் ஒரு சாக்குத்துணிப் பை. வரும்போது சட்டை முன்னும் பின்னும் வெள்ளையாக இருக்கும். கடைசி வண்டிக்குத் திரும்பும்போது முன்பக்கம் மட்டும்தான் வெள்ளை. முதுகில் சாணித் தரையின் கறையும் பாயின் கோடுகளும் வைக்கோல் துரும்பும் ஒட்டியிருக்கும். டிக்கெட் வாங்க முன்னால் நிற்கிறவரின் முதுகைப் பார்த்தே இன்றைக்கு எந்தத் தெருவில் படுத்துவிட்டு வந்தார் என்று எங்கள் ஸ்டேஷன் போர்ட்டர்கள் பந்தயம் கட்டுவார்கள்.

நான் அப்போது விழுப்புரம் ஸ்டேஷனில் லாம்ப்மேன். பொழுது சாய்வதற்கு முன்னால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய், ஒவ்வொரு சிக்னல் கம்பத்திலும் ஏறி மண்ணெண்ணெய் விளக்கை வைத்துவிட்டு வர வேண்டும். விடிந்ததும் எல்லாவற்றையும் இறக்கித் துடைக்க வேண்டும். கோபக்காரன் என்று நல்ல பெயர் எடுத்திருந்தேன். ஏணிக்கு அடியில் யாராவது நின்று பேச்சுக் கொடுத்தாலே எனக்கு மூக்குக்கு மேல் வந்துவிடும். இதைச் சொல்லிவைப்பது நல்லது, பிற்பாடு வருவதற்கு இது வேண்டியிருக்கிறது.

ஊரில் எவ்வளவு காய்ச்சல் இருக்கிறது என்று அறிய அவர் பெரியவர்களைக் கேட்க மாட்டார். அஞ்சு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தேடிப் போய் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். முறைக்காய்ச்சல் பல தடவை வந்துபோன பிள்ளைக்கு இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கிக் கெட்டியாகிவிடும். அதை நாங்கள் கட்டி என்போம். தொடுவதற்கு முன் தன் கையை அரைக்கால் சட்டையில் பரபரவென்று தேய்த்துச் சூடேற்றிக்கொள்வார். குளிர்ந்த கை பட்டால் பிள்ளை வயிற்றை இறுக்கிக்கொள்ளுமாம். நகத்தை ஒட்ட வெட்டியிருப்பார். விலா எலும்பின் விளிம்பிலிருந்து விரல்களை அடுக்கி, "ரெண்டு வெரக்கடை" என்றோ "மூணு" என்றோ சொல்லி நோட்டில் குறித்துக்கொள்வார்.

அதற்குப் பிறகு வேறு யாராக இருந்தாலும் மருந்தைப் பற்றிப் பேசுவார்கள். இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

"துரை எங்க படுக்கறாரு?"

ஆண் பிள்ளை எல்லாம் அவருக்குத் துரை. பெண் பிள்ளை எல்லாம் துரைசாணி. மூக்கு ஒழுகிக்கொண்டு அரைஞாண் கயிற்றோடு நிற்கும் பிள்ளைக்குக்கூட மரியாதை குறையாது. தாய் இடத்தைக் காட்டியதும் பையைக் கழற்றி ஓரமாக வைப்பார். தெருவில் நிற்கும் இரண்டு பெண்களைக் கூப்பிட்டு, "வாசல்லயே நில்லுங்கம்மா, நான் போற வரைக்கும் போவாதீங்க" என்பார். பிறகு பிள்ளை படுக்கும் அதே இடத்தில், தலை வைக்கும் பக்கம் தலை வைத்து, மல்லாந்து படுத்துவிடுவார். பொழுது இறங்கும் நேரம் பார்த்துத்தான் இதைச் செய்வார். கண்ணை மூட மாட்டார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக் கையை அப்படியே நீட்டி வைத்துக்கொள்வார். வந்து உட்காரும் கொசுவை அடிக்க மாட்டார். அது எந்தப் பக்கமிருந்து வருகிறது, எப்படி உட்காருகிறது என்று பார்ப்பார். உடம்பைச் சாய்த்துப் பின்பக்கத்தைத் தூக்கி உட்கார்ந்தால் அதுதான் காய்ச்சல் கொசுவாம். வேண்டியதைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துப் பஞ்சு வைத்து அடைப்பார்.

திண்டிவனத்தில் ஒரு வக்கீல் வீட்டில் நடந்தது இது. மினுங்குகிற தரை, செதுக்கின தொட்டில், வீட்டுக்கு நடுவிலேயே கிணறு. அங்கேயும் போய்த் தொட்டிலுக்கு அடியில் மல்லாந்துவிட்டார். வக்கீல் கோர்ட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "ஏன்யா, பாக்கறதுன்னா நின்னுக்கினு பாக்கக் கூடாதா?" என்றாராம்.

"நின்னு பாத்தா என்னைக் கடிக்கறதுதான் சார் எனக்குத் தெரியும். துரையைக் கடிக்கறது கீழ இருக்குது" என்று படுத்தபடியே பதில் சொல்லியிருக்கிறார். மறுநாள் அந்தக் கிணற்றில் ஒரு சட்டி குட்டி மீன்களைக் கொண்டுவந்து விட்டார். கொசுப் புழுவைத் தின்கிற மீன். சுத்தபத்தமான வீட்டில் குடிக்கிற தண்ணீரில் மீனா என்று வக்கீல் வீட்டம்மா இரண்டு நாள் அந்தத் தண்ணீரைத் தொடவில்லையாம்.

மண்டகப்பட்டில் என் சகலை ஒருத்தர் கூலி வேலை பார்த்தார். அவர் வீட்டில் பிள்ளைகள் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் வைக்கோல் மேல் படுக்கும். ஏரிக்கரை பக்கம் பிள்ளைகள், சுவர் பக்கம் கன்றுக்குட்டி. அங்கே இவர் படுத்துக் கிடந்த நேரத்தில் கன்றுக்குட்டி வந்து தலையை நக்கிக்கொண்டே இருந்ததாம். அசையவே இல்லையாம். எழுந்தவர், "எடத்தை மாத்துங்க. கன்னுக்குட்டி தண்ணிப் பக்கம் இருக்கட்டும், துரைங்க செவுத்துப் பக்கம் வரட்டும். வர்றது மொதல்ல கன்னுக்குட்டியாண்டப் போய் நின்னுக்கும்" என்றாராம். சகலை இதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். கன்றுக்குட்டியை இடம் மாற்றினீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை.

தெருப் பிள்ளைகள் இதை ஒரு விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஒருத்தன் தரையில் மல்லாந்து கையை நீட்டிப் படுப்பான். மற்றவர்கள் சுற்றி வந்து "ங்ஙொய்" என்று கத்தி அவன் கையைக் கிள்ளுவார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அவன் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு ரயிலடிக்குப் பின்னால் இருந்தது. மண்சுவர், மேலே நாட்டு ஓடு. ஒரே அறை, பின்னால் ஒரு தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி, எப்போதோ பாதை போடுவதற்கு மண் வெட்டி எடுத்த பள்ளம். மழை பெய்தால் தை மாசம் வரைக்கும் அதில் தண்ணீர் நிற்கும். எங்களுக்கு அது ஒரு குறையாகப் படவில்லை. பாத்திரம் தேய்க்க வசதி என்றுதான் என் மனைவி சவேரியம்மா சொல்லுவாள்.

சாயங்காலம் மாதா கோயில் மணி அடித்ததும் அவள் ஜெபம் சொல்லி, வீட்டுக்குள் வேப்பிலையும் சாம்பிராணியும் போட்டுப் புகை போடுவாள். எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம். புகை பிள்ளைக்கு ஆகாது, மூச்சுத் திணறும் என்பதால், பிள்ளையைத் தூளியோடு பின் தாழ்வாரத்தில் கட்டிவிடுவார்கள். புகை அடங்க வெகு நேரமாகும். அதற்குள் பிள்ளை காற்றோட்டமாகத் தூங்கிப் போயிருக்கும். தூங்குகிற பிள்ளையை எதற்கு எழுப்ப வேண்டும் என்று அப்படியே விட்டுவிடுவோம். தூளி கட்டுவதற்கு நானே ஒரு கொக்கி செய்திருந்தேன். கழித்துப் போட்ட சிக்னல் கம்பியைக் காய்ச்சி வளைத்து உத்திரத்தில் அடித்தது. அந்தக் கொக்கியைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. யானையைக் கட்டித் தொங்கவிடலாம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நான் ஒரு நாளும் வீட்டில் இருந்ததில்லை. ஊருக்கெல்லாம் விளக்கு வைக்கிறவன், அந்த நேரத்தில் என் வீட்டில் என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. வேலை முடித்து வந்தால் சாப்பிட்டுவிட்டுக் கொசுவலைக்குள் போய்ப் படுத்துக்கொள்வேன். வீட்டில் இருந்தது ஒரே வலை. விடிகாலையில் எழுந்து கம்பம் ஏற வேண்டியவன், சம்பாதிக்கிறவன், எனக்குக் காய்ச்சல் வந்தால் குடும்பம் என்னாவது என்று சவேரியம்மாவே வலையை எனக்குக் கட்டிவிடுவாள். எந்த வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு நாள் விளக்குத் திரி எடுத்துப் போக மறந்துவிட்டேன். எடுக்க வந்தால், வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் நின்று சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே புகை. பின்பக்கம் போனால், என் மகள் பிலோமினா தூங்குகிற தூளிக்குக் கீழே ஒரு ஆண்பிள்ளையின் கால்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கேள்வி கேட்கிற பழக்கம்தான் எனக்கு இல்லையே. இரண்டு காலையும் பிடித்துத் தரதரவென்று வாசல் வரைக்கும் இழுத்து வந்தேன். இழுபட்டபடியே அவர் சொன்னார்:

"இன்னும் கொஞ்ச நேரம் சார். இப்பத்தான் வர ஆரம்பிச்சிருக்குதுங்க."

பையைத் தூக்கித் தெருவில் எறிந்தேன். உள்ளே கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து பைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் ஒடைஞ்சிது, பரவால்ல" என்றார். எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். முதுகெல்லாம் எங்கள் வீட்டுத் தரை. சவேரியம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அந்த வருஷம் மழை பிந்தி வந்து நிறையப் பெய்தது. ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்துவிட்டதால் மலேரியாவுக்குக் கொடுக்கிற கொய்னா மாத்திரை வரத்து நின்று, பட்டாளத்துக்கு மட்டும்தான் என்று ஆகியிருந்த சமயம். பிலோமினாவுக்கு ஒன்றரை வயசு. ஒரு நாள் மத்தியானம் பாண்டிச்சேரி வண்டி கிளம்புகிற நேரத்துக்குப் பிள்ளைக்குக் குளிர் எடுத்தது. உதடு நீலமாகிப் பல் கிட்டிவிட்டது. பிறகு அடுப்பாகக் கொதித்தது. பிறகு வியர்த்துத் தூங்கிவிட்டது. மறுநாள் ஒன்றுமில்லை, மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றது. அதற்கு மறுநாள் அதே பாண்டிச்சேரி வண்டி, அதே குளிர். எங்கள் வண்டிகளே அவ்வளவு நேரத்துக்கு வந்து நான் பார்த்ததில்லை.

எனக்குப் பயமாகிவிட்டது. காரணம் இருந்தது. பிலோமினாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு பையன். அருளப்பன். அவனுக்கும் இதே மாதிரி குளிரும் காய்ச்சலும் வந்தது. பல் முளைக்கிற காய்ச்சல் என்றார்கள், மாந்தம் என்றார்கள், கட்டி என்றார்கள். பாண்டிச்சேரி போகிற வழியில் கண்டமங்கலத்தில் கட்டிக்குச் சூடு போடுகிறவர் ஒருத்தர் இருந்தார். பழுக்கக் காய்ச்சின கம்பியால் வயிற்றில் மூன்று இடம் இழுப்பார். அருளப்பனுக்கு இழுத்தார். புண் ஆறுவதற்கு முன்பே அவனைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப் போனோம். சூடு போட நாள் கடத்திவிட்டோம், அதனால்தான் போய்விட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். அதனால் இந்தத் தடவை தாமதிக்கவில்லை. மறுவாரமே பிலோமினாவைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரி வண்டிக்கு வந்து நின்றோம்.

பிளாட்பாரத்தில் படுத்துப் பார்க்கிறவர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தள்ளித்தான் நின்றார், என் கையின் பலம் தெரிந்தவர் இல்லையா. சவேரியம்மாதான் நேரே அவரிடம் போனாள்.

"சாரு, கொழந்தைக்கு மொறக்காய்ச்சல். கட்டி விழுந்திருக்குது. சூடு போடப் போயிக்கினு இருக்கறோம்" என்றாள்.

அவர் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு பிலோமினாவின் பாவாடையை விலக்கினார். ஒரு விரல், இரண்டு, மூன்று, நான்கு. நான்காவது விரலுக்குக் கீழேதான் விளிம்பு அகப்பட்டது. சூடு போடாதே, அது மடத்தனம் என்று திட்டுவார், பதிலுக்கு நானும் நாலு வார்த்தை கேட்கலாம் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"சார், இந்த வண்டி நாளைக்கும் போவும் இல்ல?"

ரயில்காரனிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது. "போவும்" என்றேன்.

"அப்ப நாளைக்குப் போங்க. இன்னிக்குச் சாயங்காலம் ஒரே ஒரு தடவை நான் வந்து படுத்துப் பாத்துடறேன். நீங்க ஊட்ல இருங்க. இருந்தாத்தான் வருவேன், காலு இன்னும் வலிக்குது."

பாண்டிச்சேரி வண்டி எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. வேறொரு ஆளை விளக்கு வைக்கச் சொல்லிவிட்டு, வேலையில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக அந்த நேரத்தில் வீட்டில் இருந்தேன். கோயில் மணி அடித்தது. சவேரியம்மா வழக்கம்போலப் பிள்ளையைத் தாழ்வாரத்தில் தூளியில் போட்டுவிட்டு உள்ளே புகை போடப் போனாள். அவர் வந்து, பிலோமினாவைத் தூளியிலிருந்து எடுத்து வாசலில் நிற்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுக்கச் சொன்னார். பிறகு காலித் தூளிக்குக் கீழே படுத்தார்.

"நீங்களும் படுங்க சார்."

படுத்தேன். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். இரண்டு தடி ஆண்பிள்ளைகள் ஒரு பிள்ளைத் தூளிக்கு அடியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவுக்கு மேலிருந்து புகை சுருண்டு வெளியே வந்தது. எங்களுக்கு மேலாகப் போய்ப் பள்ளத்துப் பக்கம் கலைந்தது. புகை போய்விட்டது. புகையோடு உள்ளேயிருந்து வந்தவை போகவில்லை. ஓட்டுக்கு அடியில், தூளிக் கயிற்றில், சுவரில் எல்லாம் வந்து ஒட்டின. பள்ளத்துப் பக்கமிருந்து வேறு ஒரு கூட்டம் வந்து சேர்ந்துகொண்டது. என் கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது. உடம்பைச் சாய்த்துப் பின்பக்கத்தைத் தூக்கி உட்கார்ந்தது. அடிக்கக் கை ஓங்கினேன். அவர் பிடித்துக்கொண்டார்.

"இதான் சார். பாருங்க. ஊட்ல இருக்கறது அத்தினியும் பொகைக்குப் பயந்துக்கினு இங்க வருது. இங்க யாரு இருக்கறாங்க? துரைசாணி மட்டும்."

ஓங்கின கையைக் கீழே வைத்தேன். அவர் கேட்டார்:

"வலை யாருக்கு?"

"எனக்கு. டூட்டி ஆளு இல்லையா."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா லீவு எழுதிக் குடுத்துட்டுப் படுப்பீங்க. எழுந்துக்குவீங்க. உங்க ஒடம்பு இதைப் பல தடவை பாத்த ஒடம்பு. துரைசாணிக்கு இப்பத்தான் ரெண்டாவது மழை. அஞ்சு மழை தாண்டற வரைக்கும் அவங்க ஒடம்புக்கு இதை எதிர்க்கத் தெரியாது சார்."

எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டவர், கொக்கியைக் கையால் தடவிப் பார்த்தார். கயிறு உரசி உரசி உட்புறம் தேய்ந்து பளபளத்துக் கிடந்தது. "ரொம்ப நாளாத் தூளி தொங்கின கொக்கி போல இருக்குதே" என்றார்.

"பெரியவனுக்குக் கட்டினது சாரு" என்றாள் சவேரியம்மா.

"பெரியவரு எங்க?" என்று திரும்பிக் கேட்டுவிட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சவேரியம்மாவைப் பார்த்தார். கை இன்னும் கொக்கியின் மேல்தான் இருந்தது. அப்போதுதான் எனக்குக் கணக்கு முடிந்தது. அருளப்பன் படுத்ததும் இங்கேதான். இரண்டு மழை இங்கேதான் படுத்தான். நான் அடித்த கொக்கி. என் பிள்ளையை நானே கொண்டுவந்து இங்கே தொங்கவிட்டிருக்கிறேன். இவர் வாயைத் திறந்து சொல்லப் போகிறார், சவேரியம்மா காதில் விழப்போகிறது என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கொக்கி நல்ல கொக்கி சார். புடுங்கி உள்ள அடிச்சிடுங்க. தூளிக்கு மேல வலையைப் போட்டுடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் எடுத்தார். கொய்னா. ஊரில் எங்கும் கிடைக்காத நேரம், எங்கிருந்து என்று கேட்டேன். "இலாகாவுல எனக்குக் குடுக்கறது" என்றார். பிள்ளைக்கு அரை மாத்திரை, தேனில் குழைத்து, பொட்டலம் தீரும் வரைக்கும் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் காய்ச்சல் நின்றுவிட்டது. உடனே சவேரியம்மா மிச்ச மாத்திரைகளை எனக்கு ஆகும் என்று உப்பு ஜாடிக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டாள். அவர் அடுத்த வாரம் வந்து முதல் வேலையாகக் காலிக் காகிதத்தைக் காட்டச் சொன்னார். அவள் முழித்தாள். எதிரில் உட்கார்ந்து, மிச்சத்தைத் தினம் தினம் கொடுக்கிறேன் என்று மாதா படத்தின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

அந்த வண்டி மறுநாளும் போனது. நாங்கள் போகவில்லை. அவர் வரும்போதெல்லாம் பிலோமினாவின் வயிற்றை அளந்தார். நாலு வெரக்கடை மூன்றாயிற்று. மழை நின்று பனி வந்தபோது இரண்டு. மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் ஒன்று. விளக்கு துடைத்துக் கழிக்கிற அழுக்கு எண்ணெயை நான் டப்பாவில் சேர்த்துவைத்துப் கொசுப் புழு சாகட்டும் என்று பின்னாலிருந்த பள்ளத்தில் ஊற்றினேன். அவர் சொல்லித்தான். முன்னாலே கேட்டிருந்தால் ரயில்வே எண்ணெய் என்று சட்டம் பேசியிருப்பேன். பிலோமினாவுக்கு அதற்குப் பிறகு காய்ச்சல் வரவே இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, மருந்து கொடுத்தோம், போயிற்று. கல்லறைத் தோட்டத்துக்குப் போகவில்லை.

ஒரு கட்டத்துக்கு மேல் அவர் விழுப்புரம் வருவது குறைந்தது. பிறகு நின்றுபோயிற்று. மாற்றல் ஆகியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஜப்பான் சண்டை முடிந்து, பிலோமினாவுக்கு ஐந்தாவது மழையும் தாண்டியது. அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதோடு, கொக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்றும் இருந்தது. அத்தனை வருஷமாக அது எனக்குள்ளே கிடந்தது. சவேரியம்மாவிடம் வாயைத் திறந்ததில்லை. லீவு போட்டுப் பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனேன்.

ஒரு சந்துக்குள் சின்ன வீடு. அவர் பாயில் மல்லாந்து படுத்திருந்தார். ஒரு நிமிஷம், வழக்கம்போல எதையோ பார்க்கத்தான் படுத்திருக்கிறார் என்று நினைத்தேன். முகம் மஞ்சளாகி, கை கால் குச்சியாகிவிட்டது. போர்வைக்குக் கீழே வயிறு மட்டும் எழும்பி நின்றது.

"வாங்க சார். காலைப் புடிச்சி இழுக்காதீங்க, கையோட வந்துடும்" என்றார். பிலோமினாவைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். கையைப் போர்வையில் தேய்த்துச் சூடாக்கப் பார்த்தார், தேய்க்க முடியவில்லை. அப்படியே வயிற்றில் வைத்தார். விலாவுக்குக் கீழே தேடினார்.

"துரைசாணியம்மாவுக்குக் கட்டி ஒளிஞ்சிக்கிச்சு சார்."

"அஞ்சு மழை தாண்டிட்டா" என்றேன்.

"தாண்டிட்டாங்களா" என்றார். அவருக்கு உண்டான சந்தோஷத்தை நான் கண்ணால் பார்த்தேன்.

அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். "இவருக்கு என்னம்மா?" என்று கேட்டேன்.

"இன்னாத்தைச் சொல்றது. ஊர்க் கொசுவுக்கெல்லாம் கையை நீட்டிக்கினு படுத்தாரு. கடிச்சா முழுங்கச் சொல்லி இலாகாவுல மாத்திரை குடுத்தாங்க. அத்தினியும் துரைங்க வயித்துலதான் இருக்குது" என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பல தடவை சொல்லிச் சலித்துப் போன குரல்.

எங்கள் பொட்டலமும் அதில் ஒன்று என்று அப்போதுதான் புரிந்தது. என் இரண்டு கையையும் வேட்டியில் பரபரவென்று தேய்த்தேன். போர்வையை விலக்கி அவர் விலாவுக்குக் கீழே விரலை அடுக்கினேன். அவர் தடுக்கவில்லை. நாலு விரல் போதவில்லை. மறு கையையும் வைத்தேன். ஏழாவது விரலுக்குக் கீழே விளிம்பு தட்டியது. போர்வையை இழுத்து மூடிவிட்டேன்.

வெளியே பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தெரு விளையாட்டு ஞாபகம் வந்ததோ என்னவோ, பிலோமினா அவருக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்துக் கையை நீட்டிக்கொண்டாள். கூரையைப் பார்த்து, "எந்தப் பக்கமிருந்து வருது?" என்று கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்தது.

"சார், ஒண்ணு கேக்கணும். என் பெரிய பையனும் அந்தக் கொக்கியிலதான படுத்தான். அவன் போனதும் அதாலதான?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அது எனக்குத் தெரியாது சார்" என்றார். "நான் அப்ப அங்க படுத்துப் பாக்கல."

நான் அழுதேன். கல்லறைத் தோட்டத்தில் அழாத அழுகை. அவர் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டார். பிலோமினா எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்தாள். அவர் அவள் தலையை மெல்லத் தட்டி மறுபடியும் படுக்க வைத்தார்.

"கடைசி வண்டிக்கு நேரமாச்சே சார், கெளம்பலியா?"

"அது நாளைக்கும் போவும்" என்றேன். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவருக்கு மறுபக்கம் தரையில் படுத்தேன்.